மான்செஸ்டர், ஷெஃபீல்ட், பிளாக்பூல்: இரைச்சலைத் தேடி ஒரு வாரம்

ஞாயிறு, செஷயர்

ஆகஸ்ட் என்றால் கோடை என்பது இங்கிலாந்தின் வடபகுதியில் நாட்காட்டிக்கு மட்டும் தெரிந்த செய்தி. மான்செஸ்டருக்குத் தெற்கே ஒரு மாளிகையின் புல்வெளியில் காலையிலிருந்தே தூறல். எண்பதுகளின் இசைக்குழுக்களை வரிசையாக மேடையேற்றும் திருவிழா இது. பாதிப் பேர் மாறுவேடத்தில் வந்திருக்கிறார்கள்: பளபளக்கும் கால்சட்டை, தோள் தூக்கிய கோட்டு, ஊதிய பொய்முடி. மீதிப் பேர் மடக்கு நாற்காலி கொண்டுவந்து குடும்பத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

என்னுடன் வந்திருப்பவன் அண்ணன் மகன். மான்செஸ்டரில் முதுகலை படிக்கிறான். கையில் காசு இருக்கும் வாரமெல்லாம் கச்சேரிக்குப் போகிறவன். ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய எவரையும் மேடையில் பார்ப்பதில்லை என்று விரதம் வைத்திருக்கிறான். நான் நேரெதிர். தொண்ணூறுகளின் சென்னையில் கைமாறி வந்த கேசட்டுகளில் ஜாய் டிவிஷன், பஸ்காக்ஸ் என்ற மான்செஸ்டர் குழுக்களைக் கேட்டுக் காது பழகியவன். அதற்குப் பிறகு வந்த குழுக்களில் பலவற்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆகவே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம்: நான் இழுக்கும் இடத்துக்கு அவன் வர வேண்டும், அவன் இழுக்கும் இடத்துக்கு நான் போக வேண்டும். முணுமுணுக்கலாம், பாதியில் எழுந்து போகக் கூடாது.

ஒவ்வொரு குழுவுக்கும் அரை மணி நேரம்தான். எல்லோருக்கும் தெரிந்த நான்கைந்து பாடல்கள், கையசைப்பு, இறக்கம்.

"சித்தப்பா, இது கச்சேரி இல்லை, கல்யாணப் பந்தி. ஒரு வரிசை எழுந்தவுடன் அடுத்த வரிசையை உட்கார வைக்கிறார்கள்" என்றான். மறுக்க முடியவில்லை.

ஹெவன் 17 வந்தபோது மட்டும் நான் எழுந்து முன்னால் போனேன். ஷெஃபீல்டின் சிந்த்-பாப் குழு; அதாவது சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் பாப் பாடல் செய்பவர்கள். புகழின் உச்சியில் இருந்த எண்பதுகளில் இவர்கள் கச்சேரிப் பயணமே போகவில்லை. ஸ்டுடியோவில் இயந்திரங்களோடு செய்யும் வேலையை மேடையில் எப்படிச் செய்வது என்பது அன்று உண்மையிலேயே ஒரு கேள்வி. தொண்ணூறுகளின் பின்பாதியில்தான் முறையாக மேடை ஏறினார்கள். அதனால்தானோ என்னவோ, அலுப்புத் தட்டாத முகங்கள். பாடகர் கிளென் கிரெகரியின் குரல் கீழ்ஸ்தாயியில் இன்னும் கனமாக விழுகிறது. மார்ட்டின் வேர் விசைப்பலகைக்குப் பின்னால் நின்று, கணக்குச் சரிபார்க்கும் முகத்தோடு வாசிக்கிறார்.

1981இல் வந்த இவர்களின் முதல் இசைத்தட்டு ஃபாசிசத்தை நடனத் தாளத்தில் கிழித்துத் தொங்கவிட்டது. அமெரிக்க அதிபர் ரீகனின் பெயர் அதில் வருகிறது என்பதால் பிபிசி அதை ஒலிபரப்பாமல் ஒதுக்கியது. இன்று அதே பாடலுக்கு மடக்கு நாற்காலிகளில் இருந்தவர்கள் பிளாஸ்டிக் கோப்பையை உயர்த்தி ஆடினார்கள். பாடல் கெடவில்லை. சுற்றிலும் இருந்த ஏற்பாடுதான் அதைப் பல் பிடுங்கி வைத்திருந்தது. பழைய குழுக்களை மட்டும் தனியே பிரித்து ஒரு வேலிக்குள் விட்டால் நேர்வது இதுதான். மழை வலுத்தது. கிளம்பினோம்.

திங்கள், மான்செஸ்டர்

பீட்டர் தெருவில் இருக்கும் ஃப்ரீ டிரேட் ஹால் இப்போது ஆடம்பர விடுதி. முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் புதிதாகக் கட்டிவிட்டார்கள். இதன் சிறிய மேல்மாடி அரங்கில் 1976 ஜூன் 4 அன்று செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் குழுவினர் வாசித்தார்கள்; வேகமும் கோபமுமான பங்க் பாணிக்காரர்கள். டிக்கெட் 50 பென்ஸ். ஏற்பாடு செய்தவர்கள் ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இரண்டு இளைஞர்கள். தங்கள் குழுவான பஸ்காக்ஸையும் அன்றே மேடையேற்ற நினைத்தார்கள்; குழு தயாராகவில்லை. அதற்கு அடுத்த மாதம் அதே அரங்கில் பிஸ்டல்ஸ் மீண்டும் வந்தபோதுதான் பஸ்காக்ஸின் அரங்கேற்றம்.

முதல் கச்சேரிக்கு வந்தவர்கள் ஏறக்குறைய நாற்பது பேர். "நானும் அன்று அங்கே இருந்தேன்" என்று பின்னாளில் சொன்னவர்களை எல்லாம் உட்கார வைக்க வேண்டுமானால் கால்பந்து மைதானம் வேண்டும். உண்மையில் இருந்தவர்களில் பீட்டர் ஹுக்கும் பெர்னார்ட் சம்னரும் உண்டு. ஹுக் மறுநாளே போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார், வாசிக்கத் தெரியாது. அங்கிருந்து ஜாய் டிவிஷன். 1980 மே மாதம் பாடகர் இயன் கர்ட்டிஸ் தற்கொலை செய்துகொண்ட பிறகு, மீதியிருந்தவர்கள் நியூ ஆர்டர் ஆனார்கள். கிட்டார் குழு மெல்ல மெல்ல சிந்தசைசருக்குள் நகர்ந்தது. பங்கும் சிந்த்-பாப்பும் எதிரெதிர் முகாம்கள் என்று நினைப்பவர்களை இந்த விடுதி வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

பஸ்காக்ஸ் செய்த இன்னொரு காரியம் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. நண்பர்களிடமும் வீட்டிலும் 500 பவுண்ட் கடன் வாங்கி, தாங்களே ஒரு நிறுவனப் பெயர் வைத்து, 1977 ஜனவரியில் நான்கு பாடல்களை இசைத்தட்டாக வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டது ஆயிரம் பிரதிகள். லண்டனின் பெரிய நிறுவனங்களைக் கேட்காமலே இசைத்தட்டு போடலாம் என்று நாட்டின் மற்ற ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது அப்படித்தான். 'இண்டி' (இண்டிபெண்டன்ட், அதாவது சுயேச்சை) என்று இன்று நாம் ஒரு பாணிக்குச் சொல்லும் பெயர் முதலில் ஒரு செலவுக் கணக்கின் பெயர்.

இதையெல்லாம் நான் நடைபாதையில் நின்று சொல்லிக்கொண்டிருக்க, பையன் கைப்பேசியில் நேரம் பார்த்தான். "சித்தப்பா, அந்த நாற்பது பேர் இன்றைக்கு இருந்தால் இங்கே நின்று கட்டடம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். வாருங்கள்."

ஓல்டாம் தெருவில் நைட் அண்ட் டே கஃபே. 1991இல் தொடங்கிய இடம்; நீண்டு குறுகிய அறை, கடைக்கோடியில் மேடை. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்த ஓசைப் புகாரால் இது ஆண்டுக்கணக்கில் வழக்கில் இழுபட்டது. புதுக் குழுக்கள் முதன்முதலாக ஏறும் மேடைகள் இந்த நாட்டில் வேகமாகக் குறைந்துவருகின்றன. 2023இல் மட்டும் 125 சிறிய அரங்குகள் மூடப்பட்டன அல்லது நேரடி இசையை நிறுத்திக்கொண்டன என்று அவற்றுக்கான அறக்கட்டளை கணக்குச் சொன்னது.

மேடையில் நால்வர், யாருக்கும் இருபத்தைந்து இருக்காது. கிட்டார் வாசித்த பெண் ஒவ்வொரு பாடலுக்கு முன்னும் சுருதி சேர்க்க நேரம் எடுத்துக்கொண்டாள். அந்த இடைவெளியில் பேஸ்காரர் மொக்கை நகைச்சுவை சொன்னார். பாடல்கள் நன்றாக இருந்தன. ஒன்று மிக நன்றாக இருந்தது: வாடகை வீட்டுச் சுவரில் படரும் பூஞ்சையைப் பற்றிய காதல் பாடல், அல்லது காதலைப் பற்றிய பூஞ்சைப் பாடல். முடிந்ததும் அவர்களே கீழே இறங்கி வந்து மேசை போட்டு டி-ஷர்ட் விற்றார்கள். ஒன்று வாங்கினேன். அளவு சிறியது, ஆனாலும் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்

காது இரைகிறது. துணி துவைத்தேன். மருந்துக்கடையில் நுரை அடைப்பான்கள் வாங்கினேன்; இங்கே கச்சேரிக்கு வரும் முதியவர்கள் எல்லோருமே காதில் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். நாற்பது ஆண்டு இரைச்சலுக்குப் பிறகு வந்த ஞானம்.

புதன், ஷெஃபீல்ட்

பென்னைன் மலைகளின் ஊடாக ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கடைசியில் டாட்லி சுரங்கப்பாதை, ஐந்தரை கிலோமீட்டருக்கும் மேல் நீளம். வெளியே வந்தால் ஷெஃபீல்ட்.

எஃகு நகரம். இரவில் படுக்கையில் கிடந்தால் ஆலைகளின் பெரிய சம்மட்டி விழும் ஓசை ஊரெங்கும் கேட்கும் என்று இந்த ஊர் இசைக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். இதை நான் பேட்டிகளில் மிகைப்படுத்திய கதை என்றே நினைத்திருந்தேன். மலைச்சரிவில் ஏறி, கிண்ணம் போல் குவிந்த அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்த பிறகு நம்புகிறேன். எழும் ஓசை வெளியேற இடமில்லை.

ஹியூமன் லீக் என்ற சிந்த்-பாப் குழுவைத் தொடங்கிய மார்ட்டின் வேரும் இயன் கிரெய்க் மார்ஷும் கணினி இயக்குநர்களாக வேலை பார்த்தவர்கள். பாடுவதற்குச் சேர்த்துக்கொண்ட ஃபில் ஓக்கி மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளிச் செல்லும் ஊழியர். 1980இன் கடைசியில் குழு உடைந்தது. வேரும் மார்ஷும் விலகி ஹெவன் 17 ஆனார்கள். ஐரோப்பியச் சுற்றுப்பயணம் தலைக்கு மேல் தொங்க, ஓக்கி கிரேஸி டெய்ஸி என்ற இரவு விடுதிக்குப் போனார். அங்கே நடனமாடிக்கொண்டிருந்த இரண்டு பள்ளி மாணவிகளைக் குழுவில் சேர வருமாறு கேட்டார். சூசன் ஆன் சல்லி, ஜோன் கேதரால். மேடை அனுபவம் துளியும் இல்லை. அடுத்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் பாடல் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது. அந்த இருவரும் இன்றுவரை அதே குழுவில் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. திறமை வேட்டை நிகழ்ச்சிகளின் நடுவர்கள் யாராவது இதைப் படித்தால் நல்லது.

லெட்மில் அரங்கின் வாசல் வரை நடந்தோம். 1980இல் தொடங்கியது, கட்டட உரிமையாளருடன் நீண்ட வழக்குக்குப் பின் 2025இல் வெளியேற வேண்டியதாயிற்று. இந்த ஊரின் பல குழுக்கள் ஏறிய மேடை. ஒரு வயதானவர் எங்களைப் போலவே வந்து நின்று, சுவரைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

இரவு, அண்ணன் மகனின் முறை. பழைய தொழிற்கூடம் ஒன்றின் அடித்தளம், தாழ்ந்த கூரை, அறுபது பேர். ஒரு பெண், ஒரு பையன், இரண்டு சிந்தசைசர், ஒரு மடிக்கணினி. மூன்றாவது பாடலின் நடுவில் மடிக்கணினி உறைந்துபோனது. தாளம் போய்விட்டது, பேஸ் போய்விட்டது. பையன் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் பாடுவதை நிறுத்தவில்லை. இரண்டு வரிகள் தனிக்குரலில். பிறகு முன்வரிசையில் ஒருவர் கைதட்டித் தாளம் பிடித்தார். நொடியில் அடித்தளம் முழுவதும் பிடித்துக்கொண்டது. இரும்புத் தூணைச் செருப்பால் தட்டியவர்களும் உண்டு. கணினி உயிர்பெற்றுத் தாளம் மீண்டபோது அது கூட்டத்தின் கதியைவிடச் சற்று மெதுவாக இருந்தது. எல்லோரும் சிரித்தபடி "ஊ" என்று அதை விரட்டினார்கள். இயந்திர இசைக்கு உயிர் இல்லை என்பவர்களோடு வாதாட இனி எனக்கு வேறு சான்று தேவையில்லை.

வியாழன், பிளாக்பூல்

பிரெஸ்டன் வழியாக ரயில். பெட்டியில் பாதிப் பேர் கடற்கரைக்குப் போகும் குடும்பங்கள், பாதிப் பேர் தோல் ஜாக்கெட்டும் சேவல் கொண்டை முடியும். ஒரு குழந்தை எதிரே இருந்த பச்சைக் கொண்டைக்காரரைக் கண்கொட்டாமல் பார்த்தது. அவர் தலையைக் குனிந்து, தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். அறுபத்தைந்து வயதாவது இருக்கும் அவருக்கு.

பிளாக்பூல், ஆலைத் தொழிலாளர்கள் ஆண்டு விடுமுறைக்கு வந்து குவிந்த ஊர். 1894இல் கட்டிய 158 மீட்டர் கோபுரம், கப்பல்துறை ராட்டினங்கள், வறுத்த மீன் நாற்றம். நடுவே வின்டர் கார்டன்ஸ், 1878இல் திறந்த கேளிக்கை மாளிகை. அரசியல் கட்சிகள் பல்லாண்டுகள் மாநாடு நடத்திய இடம். அதற்குள்தான் ரெபெல்லியன்: 1996இல் வேறு பெயரில் தொடங்கி, ஒவ்வோர் ஆகஸ்டிலும் பங்க் உலகம் கூடும் திருவிழா. ஒரே கூரையின் கீழ் பல மேடைகள். 1896இல் கட்டிய எம்ப்ரஸ் நடனக் கூடம் அவற்றில் பெரியது. வளைந்த கூரை, தங்கப்பூச்சு வேலைப்பாடு, கொத்துக்கொத்தாகச் சரவிளக்குகள். அதன் அடியில் மூவாயிரம் பேர் மோதிக்கொண்டு ஆடுகிறார்கள். ஜோடி நடனத்துக்காகப் போட்ட மரத்தளம் காலுக்கடியில் துள்ளுகிறது.

முதல் நாள் முழுவதும் வழி தவறுவதிலேயே போயிற்று. ஒரு நடைவழியில் திரும்பினால் டி.வி. ஸ்மித் ஒற்றை அக்குஸ்டிக் கிட்டாரோடு பாடிக்கொண்டிருந்தார். 1977இல் தி அட்வர்ட்ஸ் குழுவை நடத்தியவர். பெரிய நிறுவனங்களெல்லாம் கைவிட்ட பின் தோளில் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடிப் பிழைப்பவர். குச்சி உடம்பு, நரம்பு புடைக்கும் கழுத்து. ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் கேட்கும். அண்ணன் மகன் முதன்முதலாகக் கைப்பேசியைப் பைக்குள் வைத்தான். குறித்துக்கொண்டேன்.

வெள்ளி, பிளாக்பூல்

இந்த வாரத்தின் கச்சேரி இதுதான்.

மாலையில் ரட்ஸ் டி.சி. இவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் லண்டனின் மேற்கே சவுத்தாலுக்குப் போக வேண்டும். பஞ்சாபியரும் பிற தெற்காசியரும் பெருவாரியாக வாழும் பகுதி. 1979 ஏப்ரல் 23 அன்று நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சி அங்கே நகர மன்றத்தில் கூட்டம் போட்டது. எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது காவல்துறை பாய்ந்தது. பிளேர் பீச் என்ற ஆசிரியர் அடிபட்டு இறந்தார். மிஸ்டி இன் ரூட்ஸ் என்ற ரெகே (ஜமைக்காவில் பிறந்த இசைப் பாணி) குழுவின் மேலாளர் கிளாரன்ஸ் பேக்கருக்கு மண்டை உடைந்து நினைவு தப்பியது. அன்று தி ரட்ஸ் என்ற பெயரில் இருந்த இந்த வெள்ளைக்கார பங்க் குழுவின் முதல் இசைத்தட்டை வெளியிட்டது இதே மிஸ்டி குழுவினரின் கூட்டுறவு அமைப்புதான். பேக்கருக்காக ரட்ஸ் குழுவினர் ஒரு பாட்டுக் கட்டினார்கள், ரெகே தாளத்தில். அடுத்த ஆண்டு பாடகர் மால்கம் ஓவன் போதை மருந்தால் இறந்தார். கிட்டார்காரர் பால் ஃபாக்ஸ் 2007இல் புற்றுநோயில். பேஸ் வாசித்த ஜான் ஜென்னிங்ஸும் டிரம்ஸ் வாசித்த டேவ் ரஃபியும் தொடர்கிறார்கள். ஓவனின் இடத்தில் நின்று ஜென்னிங்ஸ் பாடுகிறார்.

அந்தப் பாட்டை இன்று வாசித்தார்கள். வேகப் பாடல்களுக்கு நடுவில் சட்டென்று தாளம் இறங்கியது. ரஃபி குச்சியின் முனையால் தாளத்தின் ஓரத்தை மட்டும் தொட்டார். பேஸ் தரை வழியாக ஏறி வயிற்றில் நின்றது. மோதி ஆடிக்கொண்டிருந்த கூட்டம் மோதுவதை நிறுத்தி ஆடியது. பேக்கரின் பெயர் வரும் வரியில் என்னைச் சுற்றி இருந்த கிழங்கள் அனைவரும் சேர்ந்து பாடினார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மாறுவேடம் எவரிடமும் இல்லை.

வெளியே காற்று வாங்க நின்றபோது பக்கத்தில் இருந்த அம்மையார் எங்களைப் பார்த்துத் தாமாகவே பேச்சுக் கொடுத்தார். லிவர்பூல்காரர், ஓய்வுபெற்ற செவிலியர். 2024 ஆகஸ்டில் என்ன நடந்தது தெரியுமா என்று கேட்டார். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்ட பின், பொய்ச் செய்தி பரவி நாடெங்கும் குடியேறிகளுக்கு எதிராகக் கலவரம் மூண்ட வாரம் அது. அந்தச் சனிக்கிழமை பிளாக்பூலில் ஊர்வலம் வந்த தீவிர வலதுசாரிகளும் ரெபெல்லியனுக்கு வந்திருந்த பங்க் ரசிகர்களும் நேருக்கு நேர் நின்றார்கள். பாட்டில்கள் பறந்தன, நாற்காலிகள் பறந்தன. "எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு முழங்கால் மாற்று அறுவை நடந்திருக்கிறது, ஆனாலும் நின்றோம்" என்றார்.

1978 ஜூலையில் மான்செஸ்டரின் அலெக்சாண்ட்ரா பூங்காவில் இனவெறிக்கு எதிரான இசைவிழாவில் பஸ்காக்ஸும் ஸ்டீல் பல்ஸ் என்ற ரெகே குழுவும் ஒரே மேடையில் வாசித்த வரலாறு எனக்குப் புத்தகத்தில் தெரியும். முழங்கால் கதை புத்தகத்தில் இல்லை.

சனி, பிளாக்பூல்

பகலெல்லாம் அவன் முறை. புதுக் குழுக்களுக்கென்றே ஒரு மேடை இருக்கிறது; அரை மணிக்கு ஒரு குழு. சில சகிக்கவில்லை. மூன்று குழுக்கள் ஒரே பாடலைத் திரும்பத் திரும்ப வாசித்தது போலிருந்தது. நான்காவதாக வந்தது இருவர் குழு: கிட்டாரோடு ஒரு பெண், டிரம்ஸில் இன்னொரு பெண், பேஸ் கிடையாது. உணவு வங்கி வரிசை, பேருந்தில் உரசும் கைகள், சம்பளம் வராத பயிற்சி வேலை என்று ஒன்றரை நிமிடப் பாடல்களாகச் சுட்டுத் தள்ளினார்கள். என் அருகில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றவரின் ஜாக்கெட் முதுகில் 1977 என்று எழுதியிருந்தது. இரண்டாவது பாடலில் கைகளை அவிழ்த்தார். ஐந்தாவதில் முன்னால் போய்விட்டார். செஷயரின் புல்வெளியில் இல்லாதது இதுதான்: அங்கே கிழவர்களின் முன்னால் எந்த இளசும் ஏறவில்லை.

இரவு யு.கே. சப்ஸ். பாடகர் சார்லி ஹார்ப்பர் பிறந்தது 1944இல். முடிதிருத்தும் தொழிலில் இருந்தவர். பங்க் வந்தபோதே முப்பதைத் தாண்டியிருந்தார், அன்றைக்கே அவர் 'கிழவர்'. குழுவின் ஆல்பங்களுக்கு ஆங்கில அகர வரிசையில் பெயர் வைக்கத் தொடங்கி, 1979இல் 'ஏ'யில் ஆரம்பித்து 2016இல் 'இசட்'டை எட்டினார். பிடிவாதம் என்றால் இதுவல்லவா!

குரல் தேய்ந்திருக்கிறது, அதை மறைக்க எந்த வித்தையும் செய்யவில்லை. மூச்சு வாங்கும்போது மௌத்-ஆர்கனை எடுத்துக்கொள்கிறார், அல்லது மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுகிறார். கூட்டத்துக்கு எல்லா வரியும் தெரியும். எண்பதைத் தாண்டிய ஒருவர் ஒரு மணி நேரம் இந்த வேகத்தில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இரக்கம் வரும் என்று பயந்திருந்தேன். வந்தது பொறாமை.

பாதியில் திரும்பிப் பார்த்தால் அண்ணன் மகனைக் காணவில்லை. பிறகு கண்டுபிடித்தேன்: மேடைக்கு முன்னால் சுழலும் கூட்டத்தின் நடுவில், ஒரு காலில் ஷூ இல்லாமல். பகலில் பார்த்த அந்த டிரம்ஸ்காரப் பெண்ணும் அங்கேதான் தோள்மேல் தோளாக ஆடிக்கொண்டிருந்தாள். கீழே விழுந்தவரை நான்கு கைகள் தூக்கி நிறுத்தின; யார், எவர் என்று பார்க்கவில்லை.

ஞாயிறு காலை

விடுதி நடத்தும் அம்மாள் வறுத்த முட்டையும் ரொட்டியும் வைத்துக்கொண்டே, ஷூ கிடைத்ததா என்று விசாரித்தார். கிடைத்தது; காணாமற்போன பொருட்கள் மேசையில் அதே போல் பதினைந்து ஒற்றை ஷூக்கள் இருந்தனவாம். பக்கத்து மேசையில் கிளாஸ்கோவிலிருந்து வந்த இருவர், யு.கே. சப்ஸின் எந்த எழுத்து சிறந்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மகன் இடையில் புகுந்து, நேற்றிரவு வரை தான் கேள்விப்பட்டே இராத ஆல்பம் ஒன்றுக்காக வாதாடினான். இரவெல்லாம் கைப்பேசியில் கேட்டிருக்கிறான் போலிருக்கிறது.

பன்னிரண்டரைக்கு முதல் குழு. பெயர் எனக்குத் தெரியாது. அவன் குறித்து வைத்திருக்கிறான். கிளம்புகிறோம்.